ஒரு பானைச் சோறும் ஒரு பருக்கையும்: மாதிரிக் கணக்கு கேள்வி – பதில்

எண்ணி முடிக்கக்கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது. எல்லாரையும் கேட்க நேரமில்லை, கொஞ்சப் பேரைக் கேட்டு மொத்தத்தைச் சொல்ல வேண்டும். இதில் வரும் சந்தேகங்களை மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கணக்கோடு பதில் தருகிறோம். கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஒரு மகளிர் குழுக் கூட்டமைப்பில் 640 உறுப்பினர்கள். வாங்கிய கடனைத் தொழிலுக்குச் செலவிட்டவர்கள் எத்தனை சதவீதம் என்று ஆய்வு செய்கிறேன். இணையத்தில் பார்த்தால் 384 பேரைக் கேட்கச் சொல்கிறது. 10 சதவீதம், அதாவது 64 பேர் போதும் என்கிறார் ஒரு பேராசிரியர். எதை எடுப்பது? – ஆய்வு மாணவி, திருமங்கலம்

பதில்: இரண்டும் வேண்டாம். 241 பேர்.

384 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். 95 சதவீத நம்பிக்கை (இதற்கான எண் 1.96), கூடக்குறைய 5 புள்ளிக்குள் விடை, சதவீதம் 50 என்ற மோசமான நிலை (பிழை மிக அதிகமாக வருவது அங்கேதான்). இந்த மூன்றையும் வைத்து 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி, 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384. இந்தக் கணக்கில் 640 என்ற எண் எங்குமே இல்லை. கூட்டம் முடிவில்லாதது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உங்கள் கூட்டத்துக்கு எல்லை உண்டு. அதனால் 384-ஐ, 1 + (383 ÷ 640) என்பதால் வகுக்க வேண்டும். கீழே 1.598 வரும். விடை 240.2, மேல்நோக்கி முழுமையாக்கினால் 241.

ஏன் குறைகிறது? 640 பேரில் 240 பேரைக் கேட்டுவிட்டீர்கள் என்றால் அந்த 240 பேரைப் பற்றி உங்களுக்கு ஊகம் ஏதும் தேவையில்லை, நேரடியாகவே தெரியும். தெரியாதது மீதி 400 பேர் மட்டும். பிழை வரக்கூடிய இடம் அந்த 400 தான். திட்டப்பிழையை (மாதிரிக்கு மாதிரி விடை எவ்வளவு ஆடும் என்ற அளவை) √(1 − 240/640), அதாவது 0.79-ஆல் பெருக்குவது இதற்காகத்தான். இதற்கு முடிவுறு தொகுதித் திருத்தம் என்று பெயர். 640 பேரையும் கேட்டுவிட்டால் அது சுழியாகிவிடும். மாதிரி எடுத்ததால் வரும் பிழை அப்போது இல்லை.

10 சதவீத விதிக்குப் புள்ளியியலில் ஆதாரம் கிடையாது. 64 பேரைக் கேட்டால் திருத்தத்தைச் சேர்த்த பிறகும் பிழை எல்லை கூடக்குறைய 11.6 புள்ளி. ‘பாதிப் பேர்’ என்று நீங்கள் எழுதினால் அது 38-ஆகவும் இருக்கலாம், 62-ஆகவும் இருக்கலாம். அதே விதி பெரிய கூட்டத்தில் வீண் உழைப்பு. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்ட மக்கள்தொகை 30 லட்சத்துக்கு மேல். 10 சதவீதம் என்றால் 3 லட்சம் பேர். ஆனால் எளிய குலுக்கலில் எடுத்தால் அங்கும் 384 பேரே போதும். 60,000 பேர் உள்ள ஊருக்கு 382. கூட்டம் பெருத்தாலும் மாதிரி பெருக்காது.

இதைத்தான் நம் வீடுகளில் ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறார்கள். கல்யாண அண்டாவானாலும் கால்படி உலையானாலும் பதம் பார்க்க எடுக்கும் பருக்கை அதே அளவுதான். ஆனால் அந்தப் பழமொழி இரண்டு விஷயங்களைச் சொல்லாமலே வைத்துக்கொள்கிறது: பானையைக் கிளறியிருக்க வேண்டும், எல்லா அரிசியும் ஒரே மாதிரி வெந்திருக்க வேண்டும். மனிதர்கள் அப்படி வேகுவதில்லை. வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு பருக்கை தேவை. கிளறாத பானையில் நூறு பருக்கை எடுத்தாலும் மேல்சோற்றின் பதம்தான் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். 100-க்கு 85 பேர்தான் பதில் சொல்வார்கள் என்று நினைத்தால் 241-ஐ 0.85-ஆல் வகுத்து 284 பேரைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, மூன்று ஒன்றியங்களுக்குத் தனித்தனி முடிவு வேண்டும் என்று வழிகாட்டி பின்னால் கேட்டால், ஒன்றியத்துக்கு ஏறக்குறைய 213 உறுப்பினரில் 80 பேர்தான் உங்கள் கையில் இருப்பார்கள். அங்கே பிழை எல்லை 5 இல்லை, 8.7. இதை ஆய்வைத் தொடங்கும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 320 வீடுகள். 40 வீடுகளில் ஒரு நாள் தண்ணீர்ச் செலவை அளந்தோம். சராசரி 412 லிட்டர், திட்ட விலக்கம் 150. ஊருக்கு மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். – தே. கல்லுப்பட்டி

பதில்: 412-ஐ 320-ஆல் பெருக்கினால் 1,31,840 லிட்டர். அந்த ஓர் எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.

திட்ட விலக்கம் என்பது வீட்டுக்கு வீடு செலவு சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு. அந்த 150-ஐ √40-ஆல் வகுத்தால் 23.7. இதை √(1 − 40/320), அதாவது 0.935-ஆல் பெருக்கினால் 22.2. இது ஒரு வீட்டுச் சராசரியின் திட்டப்பிழை. 40 வீடு என்பதால் 1.96-க்குப் பதில், சிறிய மாதிரிகளுக்கான டி அட்டவணையில் 39-க்கு (40 − 1) எதிரே உள்ள 2.02-ஐ எடுங்கள். கூடக்குறைய 45 லிட்டர். 320 வீட்டுக்கு 14,400 லிட்டர். ஆக ஊரின் தேவை 1,17,500-க்கும் 1,46,200-க்கும் இடையில். மேல்நிலைத் தொட்டி கட்டுவதானால் மேல் எல்லையை வைத்துத் திட்டமிடுங்கள்.

திருத்தம் போடாவிட்டால் 45 என்பது 48 ஆகியிருக்கும், அவ்வளவுதான். எட்டில் ஒரு பங்கு வீடுகளை அளந்தும் ஆதாயம் சொற்பம். மாதிரி 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் திருத்தத்தை விட்டுவிடலாம் என்று பாடநூல்கள் சொல்வது இதனால்தான். பாதியை எடுக்கும்போது பெருக்கும் எண் 0.71-க்கு வருகிறது. திருத்தம் அங்கேதான் கைகொடுக்கும்.

கேள்வி: ஒரு புத்தகத்தில் திருத்தத்துக்குக் கீழே ‘தொகுதி எண்ணிக்கை கழித்தல் 1’ என்று இருக்கிறது. இன்னொன்றில் 1 கழிக்கவில்லை. எது பிழை? – இளங்கலை மாணவி, கோரிப்பாளையம்

பதில்: இரண்டும் சரிதான். மாறுபாட்டை எதால் வகுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கையால் போட்டே பாருங்கள். நான்கு வீடுகள், ஆடுகள் 2, 4, 6, 8. சராசரி 5. விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 20. இதை 4-ஆல் வகுத்தால் மாறுபாடு 5. 3-ஆல் வகுத்தால் 6.67. இரண்டு வீடாக எடுத்தால் ஆறு ஜோடிகள், அவற்றின் சராசரிகள் 3, 4, 5, 5, 6, 7. இவை 5-லிருந்து விலகும் வர்க்கங்களின் கூடுதல் 10. ஆறால் வகுத்தால் 1.67. இதுதான் மாதிரிச் சராசரியின் உண்மையான மாறுபாடு.

முதல் புத்தகத்தின் வழி: (5 ÷ 2) × (4 − 2) ÷ (4 − 1) = 1.67. இரண்டாவது: (6.67 ÷ 2) × (1 − 2/4) = 1.67. இரண்டும் ஒன்றுதான். ஒரு புத்தகத்தின் மாறுபாட்டை மற்றதன் திருத்தத்தோடு சேர்க்கும்போதுதான் தவறு நேர்கிறது. களத்தில் இரண்டாவது வழியே வசதி. மாதிரியிலிருந்து ஒன்று குறைத்து வகுத்து எடுக்கும் மாறுபாட்டை ஆறு ஜோடிக்கும் கணக்கிட்டு அதன் சராசரியைப் பாருங்கள், சரியாக 6.67 வரும்.

கேள்வி: கீழமாசி வீதியில் பலசரக்குக் கிட்டங்கி வைத்திருக்கிறேன். 40 மூட்டை உளுந்து வந்தது. 10 மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்தேன், ஒன்றில்கூட வண்டு இல்லை. லோடு முழுக்கச் சுத்தம் என்று நம்பலாமா? – வியாபாரி, மதுரை

பதில்: முழுக்கச் சுத்தம் என்று சொல்ல முடியாது. எத்தனை மூட்டை வரை கெட்டிருக்கலாம் என்பதைத் திட்டமாகச் சொல்லலாம்.

ஒரே ஒரு மூட்டையில் வண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நீங்கள் குத்தாத 30-க்குள் மறைந்திருக்க வாய்ப்பு 30/40, நூற்றுக்கு 75. இரண்டு மூட்டை என்றால் 30/40 × 29/39, நூற்றுக்கு 56. மூன்று என்றால் மேலும் 28/38-ஆல் பெருக்குங்கள், 41. இப்படியே போனால் ஐந்துக்கு 22, எட்டுக்கு 7.6, ஒன்பதுக்கு 5.2, பத்துக்கு 3.5. வழக்கமான 5 சதவீத வரம்பை வைத்தால், கெட்ட மூட்டை 10 அல்லது அதற்கு மேல் என்பதைத் தள்ளிவிடலாம். 9 வரை இருக்க இடமுண்டு. 40-இல் 9 என்பது உங்களுக்குச் சின்ன நட்டமில்லை.

20 மூட்டையைப் பார்த்து எல்லாம் சுத்தமாக இருந்தால் அந்த 9 என்பது 4-ஆகக் குறையும். உழைப்பு இரட்டித்தால் சந்தேகம் பாதிக்கும் கீழே போகிறது.

தரக்கட்டுப்பாட்டில் ‘மூன்றின் விதி’ என்று ஒன்று புழங்குகிறது. ஒன்றுமே கெட்டதாகக் கிடைக்காவிட்டால், 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுத்தது மேல் எல்லை. உங்களுக்கு 3/10, அதாவது 12 மூட்டை. அது பெரிய கூட்டத்துக்கான தோராய விதி. 40 மூட்டைக்கு மேலே செய்த பெருக்கல்தான் சரி.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் 40 மூட்டைக்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் நிற்கும். அடுக்கின் முன்வரிசையில் கைக்கு எட்டியதைக் குத்தினால் பின்வரிசையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது. சுவரை ஒட்டிய, ஈரம் பட்ட மூட்டைகள் அங்கேதான் இருக்கும். லாரியிலிருந்து இறக்கும்போதே மூட்டைக்கு 1 முதல் 40 வரை சாக்பீஸால் எண் போடச் சொல்லுங்கள். எண்களைக் குலுக்கி எடுத்து, அந்த மூட்டைகளைத் தனியே வைத்த பிறகு மற்றதை அடுக்கட்டும். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்துங்கள். ஒரே இடத்தில் குத்தினால் வண்டுள்ள மூட்டையே சுத்தமானதாகத் தெரியும். அந்தத் தவறைச் சரிசெய்ய எந்தச் சூத்திரமும் இல்லை.

கேள்வி: மாநகராட்சியின் 100 வார்டுகளில் 5 வார்டைத் தேர்ந்தெடுத்து, வார்டுக்கு 80 பேர் வீதம் 400 பேரிடம் குப்பை அகற்றம் பற்றிக் கேட்டோம். 384-ஐத் தாண்டிவிட்டோம், சரிதானே? – தன்னார்வக் குழு, அரசரடி

பதில்: சரியில்லை. ஒரு வார்டில் குப்பை வண்டி ஒழுங்காக வந்தால் 80 பேரும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். எண்பதாவது ஆள் புதிதாக எதுவும் சொல்வதில்லை.

ஒற்றுமையே இல்லை என்றால் 0, எல்லாரும் ஒரே பதில் என்றால் 1. இந்த ஒற்றுமையை 0.05 என்ற சிறிய அளவாகவே வைத்துக்கொள்ளுங்கள். 1 + (80 − 1) × 0.05 = 4.95. உங்கள் 400-ஐ இதால் வகுத்தால் 81. அதாவது 81 பேரைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்ததற்குச் சமம். அதே 400 பேரை 40 வார்டில், வார்டுக்கு 10 பேராக எடுத்திருந்தால் வகுக்கும் எண் 1.45, பயன் 276 பேருக்குச் சமம். ஆட்டோச் செலவு கூடும்தான். ஆனால் கேள்வி கேட்ட உழைப்பு வீணாகாது. திருத்தம் போடும்போதும் கவனம்: முதல் கட்டத்தில் நீங்கள் எடுத்தது 100-இல் 5 வார்டு. அந்த 5/100 தான் விகிதம். ஆர் மென்பொருளின் சர்வே பொதியில் கொடுக்கும்போது இந்த 100-ஐத்தான் முதல் கட்டத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: மல்லிகை விலையை ஒவ்வொரு 7-ஆம் நாளும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். ஆண்டுச் சராசரிக்கு இது போதுமா? – பூ விவசாயி, திருப்பரங்குன்றம்

பதில்: 7-ஐ மட்டும் எடுக்காதீர்கள். வியாழனில் தொடங்கினால் ஆண்டு முழுக்க வியாழன்தான் வரும். வெள்ளிக்கிழமைப் பூஜைக்குப் பூ ஏறும் விலையே உங்கள் சராசரியாகிவிடும். செவ்வாயில் தொடங்கியவருக்கு வேறு சராசரி. பட்டியலில் ஓர் ஒழுங்கு சுழன்றுவந்தால், அதே சுழற்சியில் கால் வைக்கக் கூடாது. தெருவில் பத்துக்கு ஒரு வீடு எடுக்கும்போது எல்லாம் முக்கு வீடாகவே அமைந்துவிடுவதும் இதே கோளாறுதான்.

உங்களுக்கு நல்ல வழி, 365 நாளை இரண்டாகப் பிரிப்பது. காலண்டரைப் பார்த்து முகூர்த்தம், பண்டிகை என்று விலை எகிறும் நாட்களைத் தனியே எடுங்கள். 55 நாள் என்று வைப்போம். அவற்றில் ஒன்றையும் விடாமல் குறியுங்கள். மீதி 310 நாளில் 62-ஐக் குலுக்கி எடுங்கள். உதாரணத்துக்கு, விசேஷ நாட்களின் சராசரி கிலோ 1,400 ரூபாய், சாதாரண நாட்களில் 520 ரூபாய், திட்ட விலக்கம் 260 என்று கொள்வோம். ஆண்டுச் சராசரி (55 × 1,400 + 310 × 520) ÷ 365 = 653 ரூபாய். விசேஷ நாட்கள் முழுதாகக் கையில் இருப்பதால் அவற்றின் பங்குக்குப் பிழையே இல்லை. மீதிக்கு மட்டும் 260 ÷ √62 × √0.8 × 310/365 = 25. இரண்டால் பெருக்கினால் கூடக்குறைய 50 ரூபாய்.

இங்கே பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குறித்துவைத்த 117 நாள் விலையையும் கூட்டி 117-ஆல் வகுத்துவிடுவார்கள். 934 ரூபாய் வரும். விசேஷ நாட்களை அதிகப் பங்கில் எடுத்ததை மறந்ததால் வந்த வீக்கம் அது. இன்னொன்று: இது நாட்களின் சராசரி விலை. உங்கள் பைக்கு வந்த சராசரி வேண்டுமானால் அன்றன்று விற்ற கிலோவால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

கேள்வி: மேலூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் 200 ஏக்கர் நெல். பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று நான்கே இடத்தில் அறுத்து ஊருக்கே விளைச்சல் சொன்னால் எப்படி? – விவசாயி

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது. ஆனால் குறை 25 சதுர மீட்டரில் இல்லை, நான்கில் இருக்கிறது.

200 ஏக்கரில் இப்படி 32,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் அடங்கும். நான்கை எடுத்தாலும் நாற்பதை எடுத்தாலும் விகிதம் அற்பம், திருத்தத்துக்கு வேலையில்லை. எத்தனை இடம் என்பதே எல்லாம். நான்கு துண்டில் 14.2, 9.8, 12.6, 11.0 கிலோ வந்ததாக வைப்போம். சராசரி 11.9. 25 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு, ஆக ஹெக்டேருக்கு 4,760 கிலோ. திட்டப்பிழை 0.96 கிலோ. நான்கே அளவு என்பதால் டி மதிப்பு 3.18 என்று பெரிதாக இருக்கும். முடிவு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 3,540 முதல் 5,980 கிலோ வரை. ஓர் ஊரை மட்டும் தனியே வைத்துப் பார்த்தால் இவ்வளவு அகலம். பல ஊர்களைச் சேர்த்து மாவட்டத்துக்குச் சொல்லும்போது அதே முறை நன்றாக உழைக்கிறது.

துண்டைச் சிறிதாக்கி இடங்களைக் கூட்டலாமே என்று தோன்றும். அதில் ஒரு பொறி உண்டு. கயிறு கட்டிய ஓரத்தில் நிற்கும் தூரை உள்ளே சேர்ப்பதா வெளியே விடுவதா என்ற தடுமாற்றத்தில் கை உள்ளேதான் இழுக்கும். 5-க்கு 5-இல் 25 சதுர மீட்டருக்கு 20 மீட்டர் ஓரம். 1-க்கு 1-இல் ஒரு சதுர மீட்டருக்கே 4 மீட்டர் ஓரம், ஐந்து மடங்கு. அதனால் சிறு துண்டுகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டும். பரிசோதனை நடக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியவை: துண்டின் இடம் குலுக்கல் எண்ணால் வந்ததா, இல்லை வரப்போரம் வசதியாகப் பிடித்ததா, கயிறு இறுக்கமாக இருந்ததா, நெல்லின் ஈரம் கழித்துக் கணக்கிட்டார்களா.

கேள்வி: பள்ளியில் உள்ள 46 ஆசிரியர்களிடமும் கருத்துக் கேட்டேன். டி சோதனை செய்யச் சொல்கிறார்கள். தேவையா? – கல்வியியல் மாணவர், உசிலம்பட்டி

பதில்: டி சோதனை என்பது இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று பார்ப்பது. அந்த 46 பேரைப் பற்றி மட்டும் சொல்வதானால் தேவையில்லை. ஆண்களின் சராசரி 31, பெண்களின் சராசரி 34 என்றால் வித்தியாசம் 3, முடிந்தது. ஊகிக்க எதுவும் மிச்சமில்லை. பயிற்சி கொடுத்தால் மதிப்பெண் கூடுமா என்று இனிவரும் ஆசிரியர்களுக்கும் பொருந்தும் காரணத்தைத் தேடுகிறீர்கள் என்றால் கேள்வியே வேறு. அங்கே இந்த 46 பேர் ஒரு பெரிய கூட்டத்தின் மாதிரி. சோதனை செய்யலாம், ஆனால் திருத்தம் போடக் கூடாது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

கேள்வி: சீட்டுக் குலுக்கல் போதுமா, கம்ப்யூட்டர் வேண்டுமா? – வாடிப்பட்டி

பதில்: நூறு இருநூறு பெயருக்குச் சீட்டு போதும். ஒரே அளவுத் தாள், ஒரே மடிப்பு, நன்றாகக் குலுக்கிய பானை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையில் ஊரை 30 குடும்புகளாக (வார்டு போன்ற பிரிவுகளாக) பிரித்து, குடும்புக்கு ஒருவராகச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கூட்டத்தைப் பிரிவுகளாக்கி ஒவ்வொரு பிரிவிலும் தனியே குலுக்கி எடுப்பதை இன்றைய பாடநூல் படுகைக் கூறெடுத்தல் என்கிறது. அதன் அமைப்பு அதிலேயே இருக்கிறது.

எக்செல் என்றால், குலுக்கல் எண் தரும் ராண்ட்பிட்வீன் (RANDBETWEEN) வேண்டாம், ஒரே எண் இருமுறை வரும். பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் ராண்ட் (RAND) போட்டு, அதை மதிப்புகளாக ஒட்டி உறையவைத்து, வரிசைப்படுத்தி, மேலிருந்து வேண்டிய அளவு எடுங்கள். உறையவைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: தேர்ந்தெடுத்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்கலாமா? – களப்பணியாளர், அலங்காநல்லூர்

பதில்: கூடாது. பகலில் பூட்டியிருக்கும் வீடு வேலைக்குப் போகிறவர்களின் வீடு. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார் என்பதே அவர் வேறு வகை என்பதற்கு அடையாளம். எண்ணிக்கை நிரம்பும், பிழை உள்ளே தங்கிவிடும்.

241 வீட்டில் 60 பூட்டு என்று வைப்போம். பதில் சொன்ன 181-இல் 109 பேர் ‘ஆம்’, 60 சதவீதம். அந்த 60 வீடும் ‘ஆம்’ என்றால் மொத்தம் 70 சதவீதம், எல்லாம் ‘இல்லை’ என்றால் 45. கூடக்குறைய 5 புள்ளி என்று நீங்கள் போட்ட எல்லை இதற்கு முன் ஒன்றுமில்லை. மாலை 6 மணிக்கு மேல் ஒருமுறை, ஞாயிறு காலை ஒருமுறை போய் அதில் 40 வீட்டைப் பிடித்துவிட்டால், அந்த 25 புள்ளி அகலம் 8-ஆகக் குறையும். மீதி 20 வீட்டைப் ‘பதில் கிடைக்கவில்லை’ என்று எழுதி அறிக்கையில் அப்படியே சேருங்கள்.